வலமும் இடமும்

திருவண்ணாமலைக்குப் போகிறவன் வலது கை, இடது கை என்ற ஞாபகத்தை ஊர் எல்லையில் விட்டுவிட்டுப் போக முடியாது. அங்கே மலையே தெய்வம். அந்தத் தெய்வத்தைச் சுற்றி வர வேண்டும். சுற்றும்போது மலை எப்போதும் வலப்புறத்தில் இருக்க வேண்டும். 14 கிலோமீட்டர் தூரத்துக்கும் இந்த ஒரே விதிதான். பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கான ஜனங்கள் ஆற்று வெள்ளம்போல ஒரே திசையில் நடக்கிறார்கள். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பாதையின் இடது ஓரமாகத்தான் நடக்க வேண்டுமாம். மலையை ஒட்டிய வலது ஓரம், நம் கண்ணுக்குத் தெரியாத சித்தர்கள் நடப்பதற்காக விடப்பட்டது. இப்போது கூடுகிற கூட்டத்தைப் பார்த்தால் சித்தர்கள் பௌர்ணமியைத் தவிர்த்து வேறு நாளில் வருவதே அவர்களுக்கு உசிதம் என்று தோன்றுகிறது.

கோயிலுக்குள் போனாலும் இதே பேச்சுத்தான். அம்பிகை ஒரு நாள் விளையாட்டாகச் சிவபெருமானின் கண்களைப் பொத்தினாள். உலகம் இருண்டு போயிற்று. அந்தப் பிழை தீரக் காஞ்சியில் தவமிருந்து, பிறகு அண்ணாமலைக்கு வந்து, பவழக்குன்றில் கௌதம முனிவரின் சொற்படி தவத்தைத் தொடர்ந்து, கடைசியில் இறைவனுடைய உடம்பிலேயே இடப்பாகத்தைப் பெற்றாள் என்று சொல்கிறது ஸ்தலபுராணம். கார்த்திகைத் தீபத்தன்று அந்தி நேரத்தில், 2,668 அடி உயர மலையின் உச்சியில் தீபம் ஏற்றுகிற தறுவாயில், அர்த்தநாரீசுவரர் வெளியே வந்து சில நிமிஷங்கள் தரிசனம் தந்துவிட்டு உள்ளே போய்விடுவார். வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை. வலப்பாதி ஒரு விதம், இடப்பாதி இன்னொரு விதம். உடம்பு மட்டும் ஒன்று.

இந்த மூர்த்தத்துக்குத் தத்துவம் சொல்லப் பெரியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஒரு வைத்தியக் கதை. ஆனால் அந்தக் கதைக்கு இந்த மூர்த்தத்தைவிடப் பொருத்தமான படம் எனக்குக் கிடைக்கவில்லை. நம் உடம்பை வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பாதியும் ஒன்றுபோலவே இருக்கின்றன. நெற்றி நடுவில் கோடு போட்டுக் காகிதம்போல மடித்தால் கண்ணோடு கண்ணும் காதோடு காதும் பொருந்திவிடும். உள்ளே திறந்து பார்த்தாலோ சுத்தமான அர்த்தநாரி. இருதயத்தின் கூர்முனை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. கல்லீரல் பெரும்பாலும் வலப்பக்கம். இரைப்பையும் மண்ணீரலும் இடப்பக்கம். நுரையீரலிலேகூடப் பாரபட்சம்: வலது நுரையீரலுக்கு மூன்று மடல், இடதுக்கு இரண்டுதான். ரத்தக் குழாய்களின் வழிகளும் அப்படியே. உடம்பின் கீழ்ப்பாதியிலிருந்து கெட்ட ரத்தத்தைத் திரட்டிக்கொண்டு ஏறும் பெருஞ்சிரை, முதுகெலும்புக்கு வலப்புறமாகத்தான் ஏறுகிறது.

இந்தப் பாகப்பிரிவினை சில பேருக்கு அப்படியே தலைகீழாக நடந்திருக்கும். மதுரை வெள்ளியம்பலத்தில் நடராஜர் கால் மாற்றி ஆடுகிறார் அல்லவா, அந்த மாதிரி. இருதயம் வலப்பக்கம், கல்லீரல் இடப்பக்கம், ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் கண்ணாடியில் பார்த்த பிம்பம். தமிழில் இதைச் சொல்லும்போது ஒரு வேடிக்கை சேர்ந்துகொள்கிறது. நமக்கு இருக்கிற இடமும் ‘இடம்’. இடது பக்கமும் ‘இடம்’. இவர்களுக்கு இரண்டு அர்த்தத்திலும் இடம் மாறிவிட்டது.

இருதயம் வலப்புறம் இருந்ததை 1643-ல் நேபிள்ஸ் நகரத்து மார்கோ அவுரேலியோ செவரினோ என்ற வைத்தியர் எழுதி வைத்தார். 1788-ல் லண்டனில் மாத்யூ பெய்லி, அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, பரிசோதனைச் சாலைக்கு வந்த ஒரு பிரேதத்தை அறுத்துப் பார்த்தார். மார்பிலும் வயிற்றிலும் உள்ள எல்லா உறுப்புகளும் எதிர்ப்பக்கம் இருந்தன. அதை அங்கம் அங்கமாக விவரித்து ராயல் சொஸைட்டியின் சஞ்சிகையில் பிரசுரித்தார். அந்த மனிதர் உயிரோடிருந்தபோது இதனால் எந்தத் தொல்லையும் பட்டிருக்க வேண்டியதில்லை. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இப்படி அமைகிறது என்பது ஒரு கணக்கு. அவர்களில் பலர் சாதாரணமாகப் பிழைத்து, கல்யாணம் காட்சி நடத்தி, பேரன் பேத்தி எடுத்து, ஏதோ ஒரு எக்ஸ்ரே எடுக்கிற நாளில்தான் விஷயத்தைத் தெரிந்துகொள்கிறார்கள். எல்லாமே சேர்ந்து மாறியதால் குழாய்களின் இணைப்புகள் கெடவில்லை. இயான் ஃப்ளெமிங் 1958-ல் எழுதிய ‘டாக்டர் நோ’ நாவலின் வில்லன் உயிர் தப்பியதும் இதனால்தான். விரோதிகள் மார்பின் இடப்பக்கம் பார்த்துச் சுட்டார்கள். அவன் இருதயம் வலப்பக்கம் இருந்தது. கதாசிரியர்களுக்கு மாத்யூ பெய்லி செய்த உபகாரம் கொஞ்சமல்ல.

இருதயம் வலப்பக்கம் என்று சொன்னதும் திருவண்ணாமலைக்காரர்களுக்கு வேறொரு நினைவு வரும். 1896 செப்டம்பர் 1-ல் அந்த ஊருக்கு வந்து, 1950 ஏப்ரல் 14 இரவு மறையும் வரை அங்கேயே இருந்துவிட்ட ரமண மகரிஷி, இருதயம் எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு மார்பின் வலப்பக்கத்தைத்தான் காட்டினார். மார்பின் நடுவிலிருந்து வலப்புறமாக இரண்டு விரற்கடை. இதே கருத்து மலையாள மொழியிலுள்ள அஷ்டாங்க ஹிருதய நூலிலும் இருக்கக் கண்டு, அதைத் தமிழ் வெண்பாவாக்கி ‘உள்ளது நாற்பது அனுபந்தம்’ என்ற நூலில் சேர்த்தார். ரத்தத்தை இறைக்கிற சதைப் பம்பை அவர் சொல்லவில்லை. அது இடப்பக்கம் இருக்கிறது என்பதை அவர் மறுக்கவும் இல்லை. ‘நான்’ என்று சொல்லும்போது கை தானாகப் போய் நிற்கிற ஸ்தானத்தையே சொன்னார். டாக்டர்களின் இருதயத்தோடு அதைச் சேர்த்துக் குழப்புவது இரண்டு பக்கத்துக்கும் நியாயமாகாது.

ஆனால் மகரிஷியின் சரித்திரத்தில் டாக்டர்கள் நின்று படிக்கக்கூடிய பக்கம் ஒன்று உண்டு. 1912-ல் ஒரு நாள் பச்சையம்மன் கோயிலிலிருந்து விரூபாட்ச குகைக்குத் திரும்பும் வழியில், ஆமைப்பாறை அருகே அவருக்குக் கண் இருட்டி, தலை சுற்றி, மூச்சும் ரத்த ஓட்டமும் நின்றுவிட்டன. சருமம் நீலம் பாரித்தது. கூட வந்த வாசுதேவ சாஸ்திரி, சுவாமி போய்விட்டார் என்றே நினைத்துக் கட்டிக்கொண்டு அழுதார். மகரிஷிக்கோ அந்த அழுகையும் கேட்டது. தம் உடம்பு நீலமாவதும் தெரிந்தது. பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்து உடம்பில் ஓர் அதிர்ச்சி ஓடி, ரத்தம் பாய்ந்து, வியர்வை கொட்டி, பழைய நிறம் வந்தது. என்ன நேர்ந்தது என்று ஆராய்வது என் வேலை அல்ல. அந்த நீலம் மட்டும்தான் எனக்கு வேண்டும். ரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் எந்த உடம்பும் அந்த நிறத்தைக் காட்டும். மகரிஷிக்குக் கால் மணி நேரத்தில் தெளிந்த அந்த நீலத்தோடு, நாளெல்லாம் வருஷமெல்லாம் வாழ்கிற குழந்தைகள் இருக்கிறார்கள். உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருக்கும். விரல் நுனிகள் பருத்து, நகம் கிளிமூக்காக வளையும். நாலு படி ஏறினால் குந்தி உட்கார்ந்துவிடும்.

இந்தக் குழந்தைகளில் ஒரு சிறு பகுதியினரின் உடம்புதான் நம் கதை. அவர்களுடைய உள்ளுறுப்புகள் வழக்கமான ஒழுங்கிலும் இல்லை; கண்ணாடிப் பிம்பமாகவும் மாறவில்லை. இரண்டுக்கும் நடுவே, பாகப்பிரிவினை பாதியில் நின்றுபோன வீடுபோல இருக்கின்றன. இதற்கு ‘ஹெட்டரோடாக்ஸி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கிரேக்க மொழியில் ‘வேறு ஒழுங்கு’ என்று அர்த்தம். இதுவும் சுமார் பத்தாயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்குத்தான்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் இரண்டு பக்கமும் வலது பக்கமாகவே உருவாகியிருக்கும். இரு நுரையீரலுக்கும் மூன்று மூன்று மடல். இடப்பக்கத்து உறுப்பான மண்ணீரல் அநேகமாக இருப்பதே இல்லை. ஸ்வீடன் தேசத்து பியார்ன் இவமார்க் 1955-ல் மண்ணீரல் இல்லாமையையும் இருதயக் கோளாறையும் சேர்த்து ஆராய்ந்து எழுதினார். மற்றொன்றில் இரண்டு பக்கமும் இடது பக்கம். இரு நுரையீரலுக்கும் இரண்டு இரண்டு மடல். மண்ணீரல் துண்டு துண்டாகப் பல. 1967-ல் அமெரிக்காவில் மோலரும் அவருடைய சகாக்களும் இந்த இரண்டாவது வகையைத் தெளிவாக வரையறுத்தார்கள். அர்த்தநாரியின் ஒரு பாதியை எடுத்து இரண்டு பக்கமும் ஒட்டினால் எப்படியோ, அப்படி.

இரண்டு இடப்பக்கம் கொண்ட உடம்பில் ஒரு சங்கடம். வலப்பக்கத்துச் சொத்தான கீழ்ப் பெருஞ்சிரை நடுவில் ஓரிடத்தில் உருவாகவே உருவாகாது. சிறுநீரகம் வரையில் வந்த குழாய் அதற்கு மேல் இல்லை. ரத்தம் என்ன செய்யும்? முதுகெலும்பை ஒட்டி ஏறுகிற ‘அசைகஸ்’ என்ற சிறு குழாயைப் பிடித்துக்கொண்டு, அதைப் பெரிதாக்கிக்கொண்டு, மார்புக்குள் ஏறி, தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் இறங்கி வருகிற மேல் பெருஞ்சிரையில் போய்ச் சேரும். அசைகஸ் என்றால் கிரேக்கத்தில் ஜோடியற்றது என்று பொருள். கல்லீரலின் சிரைகள் மட்டும் இந்தக் கூட்டத்தோடு சேராமல் தனியே போய் இருதயத்தில் திறக்கும். இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். துப்பறியும் கதையில் முதல் அத்தியாயத்திலேயே தட்டுப்படுகிற சாவி இது.

வலமும் இடமும் எப்படிப் பிரிகின்றன என்பதே வெகுநாள் வரையில் தெரியாமல் இருந்தது. 1933-ல் ஜூரிச் நகரத்து கார்டகெனர், கண்ணாடி மாற்றம் உள்ள சிலருக்குத் தீராத சளியும் மூச்சுக்குழல் நோயும் சேர்ந்தே வருவதைக் கவனித்தார். சளிக்கும் இருதயத்தின் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? ஸ்டாக்ஹோமில் ஆஃப்ஸீலியஸ் 1976-ல் அந்த முடிச்சை அவிழ்த்தார். மூச்சுக்குழலில் சளியைத் தள்ளுகிற நுண்ணிய மயிரிழைகள் இவர்களுக்கு அசைவதில்லை. அதே போன்ற இழைகள் கருவிலும் ஒரு வேலை செய்ய வேண்டும். அவை அசையாவிட்டால் வலமா இடமா என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் ஆகிவிடுகிறது. ஆகையால்தான் இவர்களில் பாதிப் பேருக்கு உறுப்புகள் மாறியிருக்கின்றன என்று அவர் ஊகித்தார். 1998-ல் டோக்கியோவில் ஹிரோகவாவின் ஆராய்ச்சிக் கூடத்தில் அதைக் கண்ணாலேயே பார்த்தார்கள். எலிக் கருவில், ஒரு குழியில், இழைகள் சுழன்று சுழன்று திரவத்தை இடப்பக்கமாகத் தள்ளுகின்றன. நாலு வருஷம் கழித்து அதே ஜப்பானியர்கள் அந்த ஓட்டத்தைச் செயற்கையாகத் திருப்பி விட்டார்கள். கருவின் இடமும் வலமும் மாறின. ஒரு துளி நீரின் சுழல்தான் இருதயத்துக்குப் பக்கம் சொல்கிறது.

இனி நுரையீரலுக்கு வருவோம். இருதயத்திலிருந்து வருகிற நீலரத்தம் நுரையீரலில் கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அகலம்கூட இல்லாத தந்துகிகளில் புகுந்து, வரிசையாக நகர்கிறது. அங்கேதான் காற்றைத் தொட்டுச் சிவக்கிறது. அந்த வலை ஒரு வடிகட்டியும்கூட. சின்ன ரத்தக்கட்டியோ கிருமியோ வந்தால் அங்கேயே தடுத்து நிறுத்திவிடும். சில உடம்புகளில் இந்தத் தந்துகிகளை ஒதுக்கிவிட்டுத் தமனியும் சிரையும் நேருக்கு நேராகக் கைகோத்துக்கொள்கின்றன. ரத்தத்துக்குக் குறுக்கு வழி கிடைத்துவிடுகிறது. வந்த நீலம் நீலமாகவே திரும்புகிறது. மூச்சு எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை. காற்று வாசலில் நிற்கிறது, ரத்தம் கொல்லைப்புறமாகப் போய்விடுகிறது. இன்னும் மோசம், வடிகட்டி இல்லாததால் சின்னக் கட்டிகள் நேரே மூளைக்கு ஏறிப் பக்கவாதமோ சீழ்க்கட்டியோ உண்டாக்கலாம். இதைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் வைத்திருக்கிற உபாயம் மிகவும் எளியது. உப்பு நீரைக் குலுக்கி நுண்ணிய குமிழிகள் எழச் செய்து கைச்சிரையில் ஏற்றுகிறார்கள். நல்ல நுரையீரலானால் அந்தக் குமிழிகள் வலையில் சிக்கி மறைந்துவிடும். குறுக்கு வழி இருந்தாலோ நாலைந்து இருதயத் துடிப்புக்குள் இருதயத்தின் அடுத்த பக்கத்தில் பொரிபோல மின்னும்.

ஹெட்டரோடாக்ஸிக் குழந்தைகளுக்கு, முக்கியமாக இரண்டு இடப்பக்கம் கொண்ட குழந்தைகளுக்கு, இந்தக் குறுக்கு வழிகள் ஏன் வருகின்றன? உறுப்பு இடம் மாறியதற்கும் நுரையீரலின் நுண்குழாய் கெட்டதற்கும் என்ன உறவு? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க இருநூறு வருஷம் ஆயிற்று. அதில் வைத்தியர்கள் தாங்களே உண்டாக்கிய வினையும் கொஞ்சம் இருக்கிறது.

முதல் தடயம் பெய்லியின் கட்டுரை வந்து ஐந்தே வருஷத்தில், அதே சஞ்சிகையில் அச்சாகிக் கிடந்தது. 1793-ல் ஜான் அபர்நெதி பத்து மாதப் பெண் குழந்தை ஒன்றின் உடலைப் பரிசோதித்தார். அதற்கு இருதயம் இடம் மாறியிருந்தது. அதைவிட அதிசயம், குடலிலிருந்து கல்லீரலுக்குப் போக வேண்டிய சிரை கல்லீரலை எட்டிக்கூடப் பார்க்காமல் நேரே பெருஞ்சிரையில் கலந்துவிட்டது. கல்லீரலை ஒதுக்கிவிட்ட ரத்தம். ஒழுங்கு மாறிய உறுப்புகள். இரண்டும் ஒரே உடம்பில் இருந்தன. யாருக்கும் அப்போது எதுவும் தோன்றவில்லை, தோன்றவும் நியாயமில்லை. இரண்டாவது தடயம் 1884-ல். ஃப்ளூக்கிகர் என்ற ஜெர்மன் மொழி வைத்தியர், கல்லீரல் சுருங்கிப்போன ஒரு பெண்ணுக்கு உதடு நீலம் பாரித்து விரல் நுனிகள் பருத்திருந்ததை எழுதினார். கெட்டது கல்லீரல், நீலமானதோ உதடு. அந்தக் குறிப்பும் நெடுங்காலம் தூங்கிற்று.

பிறகு இருதய சஸ்திர சிகிச்சையின் காலம் வந்தது. 1958-ல், அதாவது ‘டாக்டர் நோ’ வெளிவந்த அதே வருஷத்தில், அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த வில்லியம் கிளென் ஒரு சிகிச்சையை வெளியிட்டார். ஏழு வயதுப் பையன். இருதயத்தில் இரண்டு கீழறைகளுக்குப் பதில் ஒன்றுதான் வேலை செய்தது. நுரையீரலுக்குப் போதிய ரத்தம் போகவில்லை. கிளென் அவன் மேல் பெருஞ்சிரையை இருதயத்திலிருந்து பிரித்து, வலது நுரையீரலின் தமனியோடு நேரே தைத்துவிட்டார். தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் வருகிற ரத்தம் இருதயத்தின் தயவை நாடாமல் தானே வலது நுரையீரலுக்குள் இறங்கியது. நீலக் குழந்தைகளின் உதடு சிவந்தது. இந்த வைத்தியம் உலகமெல்லாம் பரவிற்று.

நம் பக்கத்திலும் அந்தச் சமயத்தில்தான் இருதயத்தைத் திறக்கத் துணிந்தார்கள். திருவண்ணாமலையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கிறது வேலூர். அங்கே 1900-ல் ஐடா ஸ்கடர் தொடங்கிய ஆஸ்பத்திரியில், 1940-களின் இறுதியில் அமெரிக்கரான டாக்டர் ரீவ் பெட்ஸ் மார்புச் சஸ்திர சிகிச்சைக்குத் தனிப் பிரிவு ஏற்படுத்தினார். 1960-களின் தொடக்கத்தில் இருதயத்தையே திறந்து செய்கிற சிகிச்சை அங்கே நடந்தது. திருவண்ணாமலை ஸ்டேஷனில் காட்பாடிப் பக்கம் போகிற ரயிலைப் பார்த்தால் இரண்டு விதமான முகங்கள் தெரியும். கிரிவலம் முடித்துக் கால் வீங்கித் தூங்குகிறவர்கள் ஒரு விதம். மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு, தூங்காமல், குழந்தையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் இன்னொரு விதம். சில சமயம் இருவரும் ஒருவரே.

கிளெனின் குழந்தைகள் வளர்ந்தார்கள். சில வருஷங்கள் கழித்து அவர்களில் சிலர் மறுபடியும் நீலமானார்கள். தையல் அடைத்துக்கொண்டதோ என்று பார்த்தால் அது நன்றாகவே இருந்தது. கெட்டது நுரையீரல். தந்துகிகளை ஒதுக்கிவிட்டுக் குறுக்கு வழிகள் முளைத்திருந்தன. அதிலும் ஒரு விசித்திரம்: வலது நுரையீரலில் மட்டும். இடது நுரையீரல் சுத்தமாக இருந்தது. ஒரே குழந்தை, ஒரே மூச்சு, ஒரே ரத்தம்; ஒரு பக்கம் கெடுவானேன்? வலது நுரையீரலுக்கு மேல் உடம்பின் ரத்தம் மட்டுமே வந்தது. கீழ் உடம்பின் ரத்தம் இருதயம் வழியாக இடது நுரையீரலுக்குப் போயிற்று. அப்படியானால் கீழேயிருந்து வருகிற ரத்தத்தில் ஏதோ ஒன்று நுரையீரலைக் காக்கிறது. அல்லது இருதயம் தள்ளுகிற துடிப்பு வலது பக்கத்துக்குக் கிடைக்காததுதான் காரணமோ? வாதம் நீண்டது. துடிப்புக் கட்சியாருக்கே அப்போது பலம் அதிகம்.

வழக்கைத் தீர்த்தவர்கள் ஹெட்டரோடாக்ஸிக் குழந்தைகள்தான். 1984-ல் ஜப்பானில் ஒஸாகாவைச் சேர்ந்த யசுனாரு கவாஷிமா ஒரு புது சிகிச்சையை வெளியிட்டார். கீழ்ப் பெருஞ்சிரை அறுந்துபோய், கீழ் ரத்தமெல்லாம் அந்த ஜோடியற்ற குழாய் வழியாக மேலே ஏறி மேல் பெருஞ்சிரையில் கலக்கிற உடம்புகளைச் சொன்னேன் அல்லவா? அவர்களுக்கு மேல் பெருஞ்சிரையை நுரையீரல் தமனியோடு தைத்தால் போதும். கால் முதல் தலை வரை வருகிற ரத்தம் அத்தனையும் ஒரே தையலில் நுரையீரலுக்குப் போய்விடும். இயற்கை செய்த கோணலையே சௌகரியமாக மாற்றிக்கொண்ட அழகான யோசனை. பாக்கி நின்றது ஒன்றே ஒன்று. தனியே போய் இருதயத்தில் திறக்கிற கல்லீரலின் சிரைகள். கொஞ்சம் ரத்தந்தானே, அது நுரையீரலுக்குப் போகாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று விட்டுவிட்டார்கள்.

குடி முழுகத்தான் செய்தது. இந்தக் குழந்தைகளில் பலர் சில வருஷங்களில் நீலமானார்கள். இந்தத் தடவை இரண்டு நுரையீரலும். ‘கீழ் ரத்தம்’ என்று மொத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்த சந்தேகம் இப்போது ஓரிடத்தில் போய் நின்றது. இவர்களுக்குக் காலின் ரத்தம் வந்தது. சிறுநீரகத்தின் ரத்தம் வந்தது. வராதது கல்லீரலின் ரத்தம் மட்டுமே. 1995-ல் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து தீபக் ஸ்ரீவாஸ்தவாவும் சகாக்களும் இதை ஆராய்ந்து எழுதினார்கள்: கல்லீரலின் ரத்தம் எந்த நுரையீரலுக்கு எட்டவில்லையோ அந்த நுரையீரலில்தான் குறுக்கு வழிகள் முளைக்கின்றன. இரண்டே வருஷத்தில், 1997-ல், ஃபிலடெல்ஃபியாவிலிருந்து எதிர்ப்பக்கத்துச் சாட்சி வந்தது. மறுபடி சிகிச்சை செய்து கல்லீரலின் சிரைகளையும் நுரையீரலோடு சேர்த்துவிட்டால் குறுக்கு வழிகள் மூடிக்கொள்கின்றன. துடிப்பு அப்போதும் இல்லை; ஆனாலும் நுரையீரல் குணமாயிற்று. துடிப்புக் கட்சியின் வாதத்துக்கு அதோடு பலம் போய்விட்டது.

அபர்நெதியின் குழந்தைக்கும் ஃப்ளூக்கிகரின் நோயாளிக்கும் இப்போதுதான் பொருள் கிடைத்தது. குடலின் ரத்தம் கல்லீரலைத் தொடாமல் ஓடினாலும், கல்லீரலே சுருங்கிக் கெட்டாலும், கல்லீரலின் ரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் தடைப்பட்டாலும், மூன்றுக்கும் பலன் நுரையீரலில்தான் தெரிகிறது. கல்லீரல் கெட்டு நீலமானவர்களுக்கு மாற்றுக் கல்லீரல் வைத்தால் நுரையீரல் தேறிவிடுவதும் இதே கணக்குத்தான். கல்லீரல் நுரையீரலுக்கு அனுப்புகிற அந்தப் பொருளுக்கு ‘கல்லீரல் காரணி’ என்று பேர் மட்டும் வைத்துவிட்டு ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பி.எம்.பி. 9 என்ற புரதத்தின் மேல் சந்தேகம் பலமாக விழுந்திருக்கிறது. அது கல்லீரலில் உண்டாவது. பரம்பரையாக மூக்கிலிருந்து ரத்தம் வடிகிற நோய் ஒன்று உண்டு. அந்தக் குடும்பங்களிலும் நுரையீரலில் இதே குறுக்கு வழிகள் வரும். அவர்களில் பலருக்குக் கெட்டிருப்பது, இந்தப் புரதத்தின் சேதியை ரத்தக்குழாய் வாங்கிக்கொள்கிற உறுப்புத்தான். சந்தேகத்துக்கு இது போதும். தீர்ப்பு இன்னும் வரவில்லை.

ஆள் அகப்படாவிட்டாலும் வைத்தியம் நடக்கிறது. கவாஷிமா சிகிச்சை செய்துகொண்ட குழந்தைக்குக் கல்லீரல் சிரைகளையும் பின்னால் சேர்த்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் சேர்ப்பதிலும் ஒரு வில்லங்கம். குழாயைத் தைக்கிற கோணம் கொஞ்சம் சாய்ந்தாலும், கல்லீரலின் ரத்தம் முழுவதும் ஒரே நுரையீரலுக்குள் ஓடிவிடும். வலது தேறும், இடது கெடும். அல்லது இடது தேறி வலது கெடும். இரண்டு பக்கத்துக்கும் பங்கு போக வேண்டும். அதற்காக இப்போது சில இடங்களில் கம்ப்யூட்டரில் ரத்த ஓட்டத்தைப் படம் வரைந்து பார்த்துவிட்டே தைக்கிறார்கள். சில சஸ்திர வைத்தியர்கள் வேறொரு வழி பிடித்தார்கள். கல்லீரலின் சிரைகளை அந்த அசைகஸ் குழாயிலேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவது. கல்லீரலின் ரத்தம் காலின் ரத்தத்தோடு நெடுவழி ஏறி, நன்றாகக் கலந்து, நுரையீரல் வாசலுக்கு வரும்போது வலத்துக்கும் இடத்துக்கும் பிரிந்து போகிறது. ஜோடியற்ற குழாய்தான் ஜோடிக்குப் பங்கு போடுகிறது.

உதட்டின் நிறம் உடனே திரும்புவதில்லை. சில குழந்தைகளுக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள். நெடுநாள் கவனிக்கப்படாமல் குறுக்கு வழிகள் பெருத்து முற்றிப்போன சிலருக்கு முழுவதும் திரும்பாமலும் போகிறது. அதனால் நீலம் கண்ணுக்குத் தெரிகிற வரையில் டாக்டர்கள் இப்போது காத்திருப்பதில்லை. விரலில் மாட்டிப் பார்க்கிற சின்னக் கருவி காட்டும் பிராணவாயுக் கணக்கு முந்தின தடவையைவிட நாலைந்து குறைந்திருந்தால், குழந்தை ஓடியாடிக்கொண்டிருந்தாலும் சரி, உப்பு நீரைக் குலுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.